வாசகர் கேள்விகள்: தள்ளுபடியில் பழைய கேம்

கே: 2000-ல் காலேஜ் ஹாஸ்டலில் பால்டர்ஸ் கேட் ஆடினேன். நண்பன் கொண்டுவந்த காப்பி சிடி, ஐந்தில் நான்காவதில் கீறல், அதோடு கதை நின்றுபோனது. இப்போது அதன் ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ அடிமாட்டு விலைக்கு வருகிறதே, வாங்கலாமா? அன்றைக்கு இருந்த ருசி இருக்குமா?
— கோயம்புத்தூர் வாசகர்

ப: வாங்குங்கள். ருசி இருக்கும். ஆனால் முதல் மூன்று மணி நேரம் கசக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள். 1998-ல் வந்த இந்த கேம், மேசையில் பகடை உருட்டி ஆடும் ‘டி அண்ட் டி’ என்ற கதை விளையாட்டின் அன்றைய விதிகளை ஏறக்குறைய அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட்டது. அந்தக் கணக்கில் கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். பத்தைவிட இரண்டு நல்லது, மைனஸ் இரண்டு அதைவிட நல்லது. இதை கேம் எங்கேயும் உட்கார வைத்துச் சொல்லித்தராது, ஏனென்றால் அந்தக் காலத்தில் பெட்டியோடு தடிமனாக ஒரு மேனுவல் வரும், வாங்கியவர் அதைப் படித்திருப்பார் என்று நம்பி எடுத்த கேம் இது. ஹாஸ்டல் காப்பி சிடியோடு மேனுவல் வந்திருக்காது. அன்றைக்கு நாம் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஆடினோம். இப்போது விலைக்கு வாங்கினால் மேனுவல் பிடிஎஃப் கூடவே வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைப் புரட்டிவிட்டு உட்காருங்கள்.

மந்திரவாதியாகத் தொடங்காதீர்கள். முதல் லெவலில் அவருக்கு உயிர்ப்புள்ளி நாலு, மிஞ்சினால் ஆறு. ஓநாய் ஒன்று இரண்டு கடி கடித்தால் முடிந்தது. ஃபைட்டர் எடுங்கள், அடிக்கடி கியூ பட்டனைத் தட்டி சேவ் பண்ணுங்கள், ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தின் படியில் நின்றுகொண்டு நலம் விசாரிப்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். புதிதாக வருகிற எல்லோரையும் அந்த ஆள்தான் முதலில் மேலுலகத்துக்கு அனுப்பிவைக்கிறார். அவரைத் தாண்டி உள்ளே போனால் காலிட், ஜஹைரா என்று இரண்டு பேர் துணைக்கு வருவார்கள், அப்புறம் மூச்சு விடலாம்.

என்ஹான்ஸ்டு எடிஷன் 2012-ல் பீம்டாக் கம்பெனி கொண்டுவந்தது, அசல் கேமை எடுத்த பயோவேர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ட்ரென்ட் ஓஸ்டர் அதை நடத்தினார். அகலத் திரையில் ஒழுங்காக ஓடும், சிடி மாற்றச் சொல்லாது. அதில் ‘ஸ்டோரி மோட்’ என்று சாகவே சாகாத வசதி ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள் என்பேன். இந்த கேமில் பாதிச் சுவையே அடுத்த அறைக்குள் என்ன இருக்குமோ என்ற பயம்தான், ‘ஈஸி’ வைத்தால் போதும். 2023-ல் வந்த மூன்றாம் பாகத்தை ஆடிவிட்டு இதற்கு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே உன் முறை, என் முறை கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்வார்கள், நீங்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி நிறுத்தி ஆணை போட வேண்டும்.

கே: ஸ்டீமில் வாங்குவதா, ஜிஓஜியிலா? எது மலிவு?
— சேலம் வாசகர்

ப: பழைய கேமுக்கு விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பத்து டாலர் என்று போட்டிருப்பது சேல் சமயத்தில் இரண்டு, இரண்டரை டாலருக்கு இறங்குவது இந்த இரண்டு இணையக் கடையிலும் சாதாரணம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய சேல் வரும், அவசரம் இல்லாவிட்டால் அதுவரை பொறுங்கள். ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கும். ஜிஓஜியில் டாலர் கணக்கு, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ‘பேமென்ட் ஃபெயில்டு’ என்று வந்து நிற்கும்.

நான் பழையதை ஜிஓஜியில்தான் வாங்குவேன். காரணம், அங்கே இன்ஸ்டாலர் ஃபைலையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்துக்கொண்டால், நாளைக்குக் கடையை மூடினாலும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கேம் ஓடும். ஸ்டீமில் நீங்கள் வாங்குவது உரிமம்தான். 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே அதை எழுதிப் போடுகிறார்கள், கலிஃபோர்னியாவில் வந்த புதுச் சட்டத்தின் புண்ணியம். பணம் திரும்ப வாங்குவதும் ஜிஓஜியில் எளிது. அங்கே 30 நாள் அவகாசம், ஆடிப் பார்த்திருந்தாலும் கேட்கலாம். ஸ்டீமில் 14 நாளுக்குள், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்.

ஒரு பழைய கதை. ஜிஓஜி 2008-ல் ‘குட் ஓல்டு கேம்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் போலந்தின் சிடி ப்ராஜெக்ட். தொண்ணூறுகளில் அந்த நாட்டுச் சந்தை முழுக்கக் காப்பி சிடிதான், நம் ஊர் நிலைமையேதான். 1999-ல் இவர்கள் பால்டர்ஸ் கேட்டைப் போலிஷ் மொழியில், பிரபல நடிகர்களின் குரலோடு கொண்டுவந்தார்கள். மெழுகு முத்திரை வைத்த வரைபடம், விதிப் புத்தகம், பாட்டு சிடி எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். காப்பிக்காரனால் கொடுக்க முடியாததைக் கொடுத்தால் ஜனம் காசு கொடுக்கும் என்று போட்ட கணக்கு பலித்தது. கோயம்புத்தூர்க்காரரின் கீறல் விழுந்த சிடிக்கு இவர்கள் தொடங்கிய கடையில் பரிகாரம் தேடுவது பொருத்தம்தானே.

கே: பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எது ஓடும்?
— திருநெல்வேலி வாசகர்

ப: 2000-க்கு முந்தியது ஏறக்குறைய எல்லாமே ஓடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்களை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தே விற்கிறார்கள், நீங்கள் ஒன்றும் நோண்ட வேண்டாம். ரீமாஸ்டர் செய்தவைதான், அதாவது புதுப்பித்து விற்பவைதான், சில சமயம் தகராறு செய்யும், படம் பழையது என்றாலும் அதை வரைகிற முறை புதிது. வாங்கியதும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், திணறினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: ஃபால்அவுட் சீரியல் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. கேமை முதல் பாகத்திலிருந்து ஆடலாம் என்று ஆசை. வயது 22. தாங்குமா?
— ஓசூர் வாசகர்

ப: தாங்கும், ஆனால் சீரியலில் பார்த்த ஆட்களைத் தேடாதீர்கள். அந்தக் கதை நடப்பது 2296-ல், முதல் கேம் 2161-ல். 1997-ல் வந்த கேம், மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், ஒவ்வொருவராக முறை வைத்துச் சண்டை. நம் ஆள் வாழும் நிலவறைக்குத் தண்ணீர் தரும் கருவியின் சிப் கெட்டுப்போகிறது, 150 நாளுக்குள் வேறு ஒன்று கொண்டுவர வேண்டும். இந்த நாள் கெடு நிறையப் பேரை விரட்டிவிடுகிறது. நிதானமாக ஆடினாலே போதும், பாதி நாள் மீதம் இருக்கும், வரைபடத்தில் தேவையில்லாமல் குறுக்கும் நெடுக்கும் அலையாமல் இருந்தால் சரி.

உண்மையான ஆபத்து இயன். சம்பளத்துக்குக் கூட வருகிற துப்பாக்கிக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் சரமாரியாகச் சுடும் எஸ்எம்ஜி துப்பாக்கியைக் கொடுத்தீர்கள் என்றால் எதிரியோடு சேர்த்து உங்கள் முதுகையும் துளைத்துவிடுவார். கைத்துப்பாக்கியோடு வைத்திருங்கள்.

இந்த கேமை இன்றைக்கும் நான் தூக்கிப்பிடிக்கக் காரணம், ஆளை உருவாக்கும்போது நீங்கள் போடும் எண்ணுக்கு உலகம் மரியாதை கொடுக்கிறது. அறிவை நான்குக்குக் கீழே வைத்தால் உங்கள் ஆளால் ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேச முடியாது, ‘ம்’, ‘ஹ்ம்’ என்பார், ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள். பேச்சுத் திறமையை ஏற்றினால் கடைசி மோதலையே துப்பாக்கி எடுக்காமல் முடிக்கலாம். கோடிகளைக் கொட்டி எடுக்கிற இப்போதைய கேம்களில் பல இந்த அளவுக்குத் துணிவதில்லை.

கே: அட்வெஞ்சர் கேம்களில் மாட்டிக்கொண்டால் நாள்கணக்கில் அங்கேயே நிற்கிறேன். விடையை வரிசையாகச் சொல்லும் வாக்த்ரூவைப் பார்ப்பது ஏமாற்று வேலை என்கிறார் என் அண்ணன்.
— திருச்சி வாசகி

ப: உங்கள் அண்ணன் கிங்ஸ் குவெஸ்ட் 5 ஆடியிருக்கிறாரா என்று கேளுங்கள். 1990-ல் வந்தது. அதில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடிக்குள் நீங்கள் எதையாவது வீசி எலியைக் காப்பாற்ற வேண்டும், தவறவிட்டால் கேம் ஒன்றும் சொல்லாது. வெகுநேரம் கழித்து உங்களைக் கட்டிப்போடுவார்கள், கயிற்றைக் கடித்து அவிழ்க்க அந்த எலிதான் வர வேண்டும். வராது. அதே கேமில் பசிக்கிறதே என்று ‘கஸ்டர்டு பை’ என்ற பலகாரத்தைத் தின்றுவிட்டால், பனிமலையில் யெட்டி வரும்போது அதன் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. பழைய சேவ் எதுவும் இல்லையென்றால் முதலிலிருந்து ஆட வேண்டும். அப்புறம் 1999-ல் வந்த கேப்ரியல் நைட் 3. பூனை முடியை டேப்பில் ஒட்டி எடுத்து மீசை செய்து, மீசையே இல்லாத ஒருவரைப் போல வேஷம் போட வேண்டும். அவருடைய பாஸ்போர்ட் படத்தில் மீசை வரைவதும் நீங்கள்தான். இதை யோசித்துக் கண்டுபிடிக்காதது உங்கள் குற்றம் இல்லை.

எல்லாரும் இப்படி இல்லை. ரான் கில்பர்ட் 1989-லேயே அட்வெஞ்சர் கேம்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார், மறுவருஷம் மங்கி ஐலண்டை அதற்கு ஏற்றமாதிரி எடுத்தார். அதில் சாவது அபூர்வம், திரும்ப முடியாத முட்டுச்சந்தும் கிடையாது, மாட்டிக்கொண்டால் விடை எங்கேயோ எட்டும் தூரத்தில்தான் இருக்கும். அங்கே இரண்டு நாள் யோசிக்கலாம், யோசிக்கிற சுகம் உண்டு. மற்றவற்றுக்கு ‘யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்’ பாருங்கள், 1988-லிருந்து இருக்கிறது, முழு விடையைக் கொட்டாமல் ஒவ்வொரு துப்பாகத் திறக்கும். முதல் துப்பே பல சமயம் போதும்.

கே: என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு பேரும் சேர்ந்து ஆட எதை வாங்கட்டும்?
— தாம்பரம் வாசகி

ப: டே ஆஃப் த டென்டக்கிள். 1993 கேம், 2016-ல் ரீமாஸ்டர் ஆனது. மூன்று பேர் மூன்று காலத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பொருளை டாய்லெட் வழியாக அனுப்பிக்கொள்வார்கள். பெண் சிரிப்பாள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதைத் தொட்டால் 1987-ல் வந்த மேனியாக் மேன்ஷன் முழு கேமும் ஓடும், ஒரு காசுக்கு இரண்டு. ஆங்கில வசனம் அவளுக்குப் பாரமாக இருந்தால் மெஷினாரியம் வாங்குங்கள். செக் நாட்டு கேம், 2009, வசனமே கிடையாது. ஃபால்அவுட் இப்போதைக்கு வேண்டாம்.

கே: காசே கொடுக்காமல் சட்டப்படி ஆட ஏதாவது உண்டா?
— மட்டக்களப்பு வாசகர்

ப: உண்டு. பினீத் எ ஸ்டீல் ஸ்கை, 1994 அட்வெஞ்சர், 2003-லேயே இலவசமாக்கிவிட்டார்கள். அல்டிமா 4, 1985, ஜிஓஜியில் சும்மா கிடைக்கும். வில்லனே இல்லை, எட்டு நற்குணங்களில் தேறுவதுதான் கதை. குருடரான கடைக்காரரிடம் காசைக் குறைத்துக் கொடுத்தால் கேம் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். 1996-ன் டாகர்ஃபாலும் இலவசம், ஆர்வலர்கள் அதை ‘யூனிட்டி’ என்ற, கேம் செய்ய உதவும் மென்பொருளில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அந்த வடிவத்தில் ஆடுங்கள். நிலவறைகளில் வழி தவறும், தவறியே தீரும்.

கே: ஒவ்வொரு சேலிலும் அள்ளிப் போடுகிறேன். லைப்ரரியில் நாற்பது பழைய கேம் இருக்கிறது, ஒன்றையும் திறக்கவில்லை. இந்தத் தடவை என்ன வாங்கலாம்?
— சென்னை வாசகர்

ப: ஒன்றும் வேண்டாம்.

கே: பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் பற்றி எல்லாரும் புகழ்கிறார்கள். எட்டு லட்சம் வார்த்தையாமே, அது கேமா, நாவலா?
— புதுச்சேரி வாசகர்

ப: இரண்டும். 1999 டிசம்பரில் வந்தது, பிணவறை மேசையில் கண் விழிக்கிற, பெயர் மறந்த, சாகவே முடியாத ஒருவனின் கதை. முதலில் பேச வருவது மிதக்கும் மண்டையோடு ஒன்று, அதற்கு வாய் கொஞ்சம் நீளம். செத்தாலும் பெரும்பாலும் கேம் முடியாது, எழுந்து நடப்பீர்கள், சில இடங்களில் சாவதே வழி. சண்டை மட்டம், இதை ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். அதனால் ஆளை உருவாக்கும்போது வலிமைக்குப் புள்ளியை வீணாக்காமல் ஞானம், அறிவு, வசீகரம் மூன்றிலும் கொட்டுங்கள். அப்போதுதான் நல்ல உரையாடல்கள் திறக்கும், பழைய நினைவுகள் திரும்பும். இதைத் தெரியாமல் வாள் வீச்சாளனாகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். 2017-ல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், நாற்பது தாண்டிய கண்ணுக்கு அதுவே காசு. போனிலும் வருகிறது, படிக்கிறது அதிகம் என்பதால் டேப்லெட்டில் நன்றாகவே இருக்கிறது.

கே: மங்கி ஐலண்டின் அசல் சிடி பரணில் கிடக்கிறது. திரும்பக் காசு கொடுக்கணுமா?
— ஈரோடு வாசகர்

ப: வேண்டாம். சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றைக் கடன் வாங்கி, அதில் உள்ள ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அந்த ஃபோல்டரைக் காட்டினால் ஓடிவிடும், போனில்கூட. 2009-ன் ஸ்பெஷல் எடிஷன் குரலோடு வருகிறது, அது கேட்க ஆசை என்றால் மட்டும் சேலில் எடுங்கள். அதிலும் எஃப்10 தட்டினால் பழைய படம் வந்துவிடும்.