கணையக் கேன்சருக்கு கீமோவும் ரேடியேஷனும் சேர்ந்த ட்ரயல்: அப்பாவைக் கொண்டு போகட்டோ?

சுன்னாகத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அப்பாவுக்கு 63 வயசு, மஞ்சள் காமாலை எண்டு காட்டப் போய் கணையத்தின்ர தலைப்பக்கத்தில கட்டி எண்டு வந்திட்டுது, பித்தக்குழாயில ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வச்சாச்சு, கட்டி ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு, இப்ப ஒப்பரேஷன் ஏலாது எண்டு சேர்ஜன் சொல்லிப்போட்டார், ஆனா வேற இடத்துக்குப் பரவேல்லையாம். கனடாவில இருக்கிற மாமா, கீமோவையும் ரேடியேஷனையும் ஒண்டாக் குடுக்கிற ட்ரயல் (சிகிச்சையை ஆக்களில சோதிச்சுப் பார்க்கிற ஆராய்ச்சி) ஒண்டைப் பற்றி வாட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறார். காணியை வித்தாவது அங்க கொண்டு போகட்டோ, இல்லாட்டி தெல்லிப்பழை கேன்சர் ஆஸ்பத்திரியில கீமோவைத் தொடங்கட்டோ எண்டுறதுதான் கேள்வி.

தங்கச்சி, தெல்லிப்பழையில தொடங்குங்கோ. காணி இருக்கட்டும்.

ரெண்டையும் சேர்த்துக் குடுக்கிறது ஒண்டும் புதுசில்லை. 1985ல அமெரிக்காவில வெளிவந்த ஒரு ட்ரயல், ஒப்பரேஷன் முடிஞ்ச வெறும் 43 பேரில செய்தது, கீமோவும் ரேடியேஷனும் எடுத்தவையில பாதிப்பேர் 20 மாசத்துக்கு மேல உயிரோட இருந்தவை, சும்மா விட்டவையில அது 11 மாசம் எண்டு வர எல்லாரும் அதைப் பிடிச்சுக் கொண்டினம். பிறகு 2004ல ஐரோப்பாவில எஸ்பாக்-1 எண்ட ட்ரயல் வந்து கதையை மாத்திப்போட்டுது, கீமோ உதவுது, ரேடியேஷன் சேர்த்தவைக்கு நட்டம் போலக் கிடக்கு எண்டு. அதில குடுத்த ரேடியேஷன் பழைய முறை எண்டு டொக்டர்மார் இன்னும் பிடுங்குப்படுகினம்.

உங்கட அப்பாவுக்குக் கிட்ட வாறது எல்ஏபி-07 எண்ட ட்ரயல், 2016ல வெளிவந்தது. ஒப்பரேஷன் ஏலாது ஆனா பரவேல்லை எண்ட ஆக்கள்தான் அதில. முதல் 4 மாசம் எல்லாருக்கும் கீமோ, அதுக்குள்ள நோய் கூடாத 269 பேரைக் கொம்பியூட்டர் ரெண்டாப் பிரிச்சது, ஒரு பகுதிக்கு அதே கீமோ தொடர்ந்து, மற்றதுக்கு ரேடியேஷனோட கபசிட்டபின் எண்ட கீமோக் குளிசை. முந்தின மாதிரிப் பாதிப்பேர் கணக்கில பார்த்தா, கீமோ மட்டும் எடுத்தவை 16.5 மாசம், ரேடியேஷன் எடுத்தவை 15.2 மாசம், கணக்கில வித்தியாசம் இல்லை எண்டுதான் அர்த்தம். ஆனா கட்டி இருந்த இடத்திலயே வளர்ந்தது ரேடியேஷன் எடுத்தவையில 32 வீதம், மற்றவையில 46 வீதம். அதாவது ரேடியேஷன் கட்டியை இருந்த இடத்தில அடக்குது, ஆனா ரத்தத்தில ஏற்கெனவே இறங்கிப் போன கலங்களுக்கு அது போகாது, அதுக்குக் கீமோதான் வேணும். அதாலதான் கீமோவை முதல் வை எண்டுறம்.

ஒப்பரேஷனுக்கு முதல் குடுக்கிறது வேற கதை. நெதர்லாந்தின்ர பிரியோபாங்க் ட்ரயலில முதல் கீமோவும் ரேடியேஷனும் எடுத்தவையில 5 வருஷம் கடந்தவை 20.5 வீதம், நேர ஒப்பரேஷனுக்குப் போனவையில 6.5 வீதம். அமெரிக்காவில அலையன்ஸ் எண்ட ஆராய்ச்சிக் குழு செய்த ஒண்டில ஃபோல்ஃபிரினொக்ஸ் எண்ட கூட்டுக் கீமோவோட ரேடியேஷன் சேர்த்த பகுதியை இடையிலயே நிப்பாட்டினவை. ஆளுக்கு ஆள் மறுமொழி மாறுது பாருங்கோ, எனவே ஒன்கோலஜிஸ்டிட்ட இதைக் கேளுங்கோ: அப்பா போர்டர்லைனோ (கட்டி ரத்தக்குழாயைத் தொட்டிருக்கு, பிறகு வெட்டலாமோ எண்டு பார்க்கிற நிலை), லோக்கலி அட்வான்ஸ்டோ (பரவேல்லை, ஆனா ரத்தக்குழாயைச் சுத்தினதால வெட்டேலாது)? மாமா அனுப்பின ட்ரயல் வேற குறூப்புக்கு எண்டால் கதை அங்கயே முடிஞ்சுது.

மாமாவிட்டயும் நாலு விஷயம் கேளுங்கோ. எத்தினையாம் ஃபேஸ், அதாவது ட்ரயலின்ர எத்தினையாம் கட்டம்? முதலாம் ஃபேஸ் எண்டால் எவ்வளவு டோஸ் தாங்கும் எண்டு பார்க்கிறதுதான், குணமாகும் எண்டு சேர்க்கிறதில்லை. மற்றப் பகுதிக்கு என்ன குடுக்கினம், ஏனெண்டால் அப்பா எதில விழுவார் எண்டு கொம்பியூட்டர்தான் தீர்மானிக்கும். கனடாவில ஹெல்த் கார்ட் இல்லாத ஆளை எடுப்பினமோ? காசு ஆர் கட்டுறது? ட்ரயல் மருந்துக்கே லட்சக்கணக்கில கேட்டினம் எண்டால் எனக்கு உடன சந்தேகம் வரும். கீமோ தொடங்கினா சில ட்ரயலின்ர கதவு பூட்டுப்படும், அது உண்மைதான், ஆனா விசா வருமட்டும் இந்த நோய் காத்திருக்காது. கீமோ முடிய ஆளைத் தெரிவு செய்யிற ட்ரயலும் இருக்கு.

கீமோவுக்குப் பிறகு ஸ்கானைப் பார்த்து ரேடியேஷன் சொல்லலாம், மஹரகமை கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவும் கூடும். வழமையா திங்கள் தொடக்கம் வெள்ளி வரை, அஞ்சாறு கிழமை. ஒவ்வொரு நாளும் பத்து, பதினைஞ்சு நிமிஷத்தில முடியிற வேலை, ஆனா அதுக்காகக் கொழும்புப் பக்கம் ஒரு அறை, கூட நிக்க ஒரு ஆள் எல்லாம் வேணும். காசு வச்சிருந்தா இதுக்கு வையுங்கோ.

இன்னொண்டு, ட்ரயலுக்கும் சரி கீமோவுக்கும் சரி, அப்பா தானா எழும்பி நடக்கிறாரோ எண்டுதான் முதல் பார்ப்பினம். சாப்பிட்டும் மெலியிறார், மலம் எண்ணெய்ப் பிடிப்பா மிதக்குது எண்டால் சாப்பாட்டைச் செமிக்க வைக்கிற கணைய நொதியம் காணாமல் இருக்கலாம். அதுக்கு கிரியோன் எண்ட கப்சூல் இருக்கு, டொக்டரிட்டக் கேட்டு எடுங்கோ. சாப்பிட்டு முடிஞ்சு இல்லை, புட்டில முதல் வாய் வைக்கேக்கயே விழுங்க வேணும், பால்தேத்தண்ணிக்கும் வேணும். கன பேர் இதில பிழை விட்டு, மருந்து வேலை செய்யேல்லை எண்டு வந்து நிக்கிறவை.

ஸ்டென்ட் வச்ச ஆள் எண்டதால நடுக்கத்தோட காய்ச்சல் வந்தாலோ கண் திரும்ப மஞ்சளாத் தெரிஞ்சாலோ பனடோலைக் குடுத்துப் படுக்க வைக்காதேங்கோ. ஸ்டென்ட் அடைச்சுக் கிருமி ஏறியிருக்கலாம். அது இரவு ரெண்டு மணியா இருந்தாலும் ஓட்டோ பிடிச்சு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, விடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இராதேங்கோ.