இயர்பிளக் போடப் போட சத்தம் இன்னும் தாங்கவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 31. சிறுவயதிலிருந்தே சட்டை லேபிள் உறுத்தும், ட்யூப்லைட் கண்ணைக் கூசும். இப்போது அலுவலகத்தில் கீபோர்டு தட்டும் சத்தம், பக்கத்து இருக்கைக்காரர் மெல்லும் சத்தம்கூடப் பொறுக்க முடியவில்லை. ஆறு மாதமாக நாள் முழுக்க ஃபோம் இயர்பிளக் போடுகிறேன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. ஆனாலும் தொந்தரவு கூடிக்கொண்டே போகிறது. கழற்றினால் பாத்திரம் வைக்கும் ஓசையே காதில் அறைகிறது. இது மனநோயா?

பதில்: மனநோய் இல்லை. சட்டை லேபிள் கழுத்தில் படுவதைப் பெரும்பாலானவர்களின் மூளை சில நிமிடங்களில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உங்கள் மூளை விடுவதில்லை. ஆட்டிசம், கவனம் நிலைக்காத ஏ.டி.ஹெச்.டி., மைக்ரேன், பதற்றநோய் உள்ளவர்களிடம் இது அதிகம். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் உண்டு. ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு புலன் கூர்மையையும் சேர்த்தது என்பது உண்மை. ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து யாருக்கும் ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது.

ஆறு மாதத்தில் கூடியதற்கு இயர்பிளக்கே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். காதுக்குள் வரும் ஒலி குறைந்தால், மூளை தன் பக்கத்தில் வால்யூமைக் கூட்டிக்கொள்ளும். நன்றாகக் காது கேட்பவர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து இயர்பிளக் போட்டுப் பார்த்த சோதனையிலேயே, சாதாரண ஒலிகள் முன்பைவிடச் சத்தமாகக் கேட்கத் தொடங்கின. நல்லவேளை, இதை மாற்ற முடியும்.

ஆனால் நாளைக் காலையே இயர்பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் அமைதியான நேரமாகப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழற்றுங்கள். அப்போது அறை நிசப்தமாக இருக்கக் கூடாது. மின்விசிறியோ மழைச் சத்தப் பதிவோ மெலிதாக ஓடட்டும். அளவு எப்படித் தெரியும்? கவனித்தால் கேட்க வேண்டும், கவனம் வேறுபக்கம் போனால் மறந்துபோக வேண்டும். மூன்று நான்கு நாள் அது சுலபமாக இருந்தால் நேரத்தை நீட்டுங்கள். சிரமமானால் அதே அளவில் நில்லுங்கள். வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. மிக்ஸி, டிரில், ஊர்வலம், கச்சேரி போன்ற உண்மையான இரைச்சலுக்கு இயர்பிளக் தாராளமாகப் போடலாம். 85 டெசிபலுக்கு மேல் நீண்ட நேரம் என்றால் எல்லோருமே போட வேண்டும்.

அலுவலகத்துக்கு ஃபோம் சரிவராது. அது கீச்சுக் குரல் ஒலிகளை அதிகமாகவும் கனத்த ஒலிகளைக் குறைவாகவும் வெட்டுகிறது. அதனால் பேச்சு மழுங்கிப்போய், புரிந்துகொள்ள முயன்றே மாலைக்குள் களைத்துவிடுவீர்கள். எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல்வரை குறைக்கும் ஃபில்டர் வகை இயர்பிளக் வாங்குங்கள். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஏ.சி. இரைச்சல், வண்டி உறுமல் போன்ற சீரான ஒலியைத்தான் நன்றாக அடக்கும். பின்னணி அடங்கியதும் மெல்லும் சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்பதாகப் பலர் சொல்வது இதனால்தான்.

மெல்லும் சத்தம் தனிச் சங்கதி. அது உரக்கக் கேட்பதில்லை, ஆனால் கோபமோ அருவருப்போ பொங்குகிறது என்றால் அதற்கு மிசோஃபோனியா என்று பெயர். அதை அடைப்பதைவிட மூடி மறைப்பதே பலன் தரும்: மெல்லிய பின்னணி ஒலி, கூடவே அவர் வாய் கண்ணில் படாத இருக்கை. வாய் அசைவைப் பார்த்தாலே சிலருக்கு எரிச்சல் கிளம்பிவிடும்.

கறுப்புக் கண்ணாடியிலும் இதே கதைதான். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சாதாரண வெளிச்சமே கூசும். அதை வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும்போது எஃப்.எல்.41 என்ற ரோஜா நிறச் சாயக் கண்ணாடி பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். மைக்ரேன் உள்ள சிலருக்கு அது உதவுகிறது. உங்களுக்குக் கூசுவது வெளிச்சமா, துடிப்பா என்றும் பாருங்கள். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் விநாடிக்கு 100 அல்லது 120 முறை மங்கி ஒளிரும்; மட்டமான எல்.இ.டி.யும் அப்படித்தான். செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் படம்பிடித்தால் துடிப்போ நகரும் பட்டைகளோ தெரியும். தெரிந்தால் விளக்கை மாற்றச் சொல்லுங்கள், அல்லது துடிக்காத, இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் மேசைவிளக்குக்கு மாறுங்கள். கண் உலர்ந்திருந்தாலும் கூசும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது.

லேபிளைக் கத்தரிக்காதீர்கள். மிஞ்சும் மொட்டை விளிம்பு முன்பைவிட மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுத்துவிடுங்கள். உரசிக்கொண்டே இருக்கும் தொளதொள துணியைவிட உடம்போடு ஒட்டி அழுத்தும் உள்ளாடை பலருக்கு ஒத்துப்போகும்.

இன்னொன்று, சுமை நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். காலையில் பொறுத்த அதே ஓசை மாலையில் பொறுக்காது. தூங்காத இரவுக்கு அடுத்த நாள் இன்னும் மோசம். ஆகவே உடைந்துபோகும்வரை காத்திருக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுங்குங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு: ஒரு கண் மட்டும் சிவந்து வலியோடு கூசுவது, காய்ச்சலும் கழுத்து விறைப்புமாகத் தலைவலி, தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியது, முகத்தின் ஒருபக்கம் தொங்கி அந்தக் காதில் மட்டும் ஒலி பெரிதாகக் கேட்பது. சொந்த விழி அசைவதே காதுக்குள் கேட்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. கற்பனை அல்ல, உள்காது எலும்பில் துளை விழுந்தால் அப்படிக் கேட்கும். ஈ.என்.டி. மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்.

உங்கள் நிலையில் முதலில், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டைப் பாருங்கள். எந்த அளவு ஒலியில் அசௌகரியம் தொடங்குகிறது என்று அவர் அளந்து தருவார். தொடு உணர்வுக்கு, அன்றாட வேலைகளைச் சமாளிக்கப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார். காது பரிசோதனை தொடங்கும் முன்பே, உரத்த ஒலி தாங்காது என்று சொல்லிவிடுங்கள். அக்கௌஸ்டிக் ரிஃப்ளெக்ஸ் என்ற சோதனையில் காதுக்குள் பலத்த ஒலி செலுத்துவார்கள், அதை முதல் நாளில் தவிர்க்கும்படி கேட்கலாம்.