வடசென்னையில் நாலு பேர் படம் பார்க்க ஆயிரம் ரூபாய் ஏன் ஆகிறது?

ஒரு காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. கூடவே உள்ளாட்சி கேளிக்கை வரி. ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனிக் கட்டணம். 190 ரூபாய் டிக்கெட் நாலு எடுத்தாலே 760. பாப்கார்ன், பார்க்கிங் சேர்ந்தால் ஆயிரம் போய்விடும்.

மாசச் சம்பளக்காரர்கள் சமாளிப்பார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, போன தீபாவளிக்கு ஈரம் காயாத இருபது ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்து, பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரையும் 2020-இல் மூடிவிட்டார்கள். முடிந்தவரை கவுன்டரில் எடுங்கள், ஆன்லைன் கட்டணமாவது மிஞ்சும்.