பர்னஸோடு ஹியூமிடிஃபையர் மாட்டலாமா?

கேள்வி: கேஸ் பர்னஸ் (காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும் மெஷின்) உள்ள இரண்டு மாடி வீடு எங்களுடையது. டிசம்பர் வந்தாலே கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, உதடு வெடிக்கிறது, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் கசிகிறது. படுக்கையறையில் இருக்கும் ஹியூமிடிஃபையருக்கு (காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின்) தண்ணீர் ஊற்றியே அலுத்துவிட்டது. வீடு முழுவதுக்கும் சேர்த்து ஒன்று மாட்டிவிடலாமா?
- வாசகி, பிராம்ப்டன், கனடா

பதில்: மாட்டலாம். அதற்கு முன் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி ஹாலில் வையுங்கள், விலை அதிகமில்லை. 30 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் செலவு செய்யலாம். (அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.)

எல்லோரும் பர்னஸைத்தான் திட்டுகிறார்கள், பாவம், அதன் மேல் தப்பில்லை. மைனஸ் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் ஒன்றரை கிராம் நீராவிதான் இருக்க முடியும், அந்தக் காற்றே இடுக்கு வழியாக உள்ளே புகுந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை கொள்ளும் என்பதால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் ஜன்னல், கதவு இடுக்குகளை முதலில் அடைத்துவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே குறையலாம்.

அப்புறம் மெஷின். பைபாஸ் வகை போதும் என்பது என் கருத்து. பர்னஸ் காற்று போகும் பெரிய குழாயான டக்ட்டில் பொருத்துவார்கள், உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பேட், அதில் தண்ணீர் வடிய, சூடான காற்று அதன் வழியே போகும், மிச்சத் தண்ணீர் டிரெயினுக்குப் போய்விடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் ஸ்டீம் வகை நன்றாக வேலை செய்யும், ஆனால் மின்சாரம் குடிக்கும். பைபாஸ் வகையின் பேட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும், வருஷா வருஷம் மாற்றியே ஆகவேண்டும். கோடையில் தண்ணீர்க் குழாயையும், காற்றைத் தடுக்கும் தகடான டேம்பரையும் மூடிவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது செட்டிங்கில்தான். வசதியாக இருக்கிறதே என்று ஈரப்பதத்தை 45 சதவீதத்தில் வைத்தால், வெளியே மைனஸ் 20 ஆகும்போது காலையில் ஜன்னல் கண்ணாடியின் அடிவிளிம்பில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும், கொஞ்ச நாளில் சட்டத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். சாதாரணக் குளிருக்கு 35, கடுங்குளிரில் 25 வரை இறக்குங்கள். வெளிவெப்பம் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் ஹியூமிடிஸ்டாட் (ஈரப்பத அளவைக் கட்டுப்படுத்தும் கருவி) கிடைக்கிறது, கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து அதையே கேளுங்கள்.

டக்ட் இல்லாத, சுவரடியில் பொருத்தும் பேஸ்போர்டு ஹீட்டர் வீட்டுக்காரர்களுக்கு இந்த பைபாஸ் வகை சரிப்படாது.