காசநோய் ஆறிய நுரையீரலில் பூஞ்சையா? ரத்தப் பரிசோதனை எவ்வளவு சொல்லும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக் குணமானார். இப்போது நான்கு மாதமாக இருமல், உடல் மெலிகிறது, இரண்டு முறை சளியில் ரத்தம் வந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்கிறார்கள். ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி.’ பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார் டாக்டர். அது அவசியமா? காசநோய் மாத்திரையையே மறுபடி தொடங்கினால் என்ன?

பதில்: அவசியம். அந்த முடிவு வரும்வரை, கிருமி உறுதியாகாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்க வேண்டாம். காசநோய் ஆறிய இடத்தில் குழி விழுந்திருந்தால், நாம் அன்றாடம் சுவாசிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அதில் தங்கி மெல்ல வளரும். அறிகுறிகள் அப்படியே காசநோய் போலவே இருப்பதால், பலர் மாதக்கணக்கில் தவறான மருந்தை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்குப் பெரும் வேதனை.

பூஞ்சையை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியின் அளவைத்தான் இந்தப் பரிசோதனை பார்க்கிறது. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. எண் கூடுதலாக வந்தாலே நோய் என்று முடிவுகட்டக் கூடாது. பூஞ்சை உடலில் பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தொல்லை, சி.டி. ஸ்கேனில் குழி அல்லது அதற்குள் பூஞ்சைப் பந்து, கூடவே உயர்ந்த ஐ.ஜி.ஜி., காசநோய் போன்ற வேறு காரணம் இல்லை என்ற உறுதி ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் நோய் உறுதியாகும். எல்லை அளவும் ஒன்றல்ல. இமுனோகேப் என்ற பரிசோதனை முறையில் லிட்டருக்கு 40 மி.கி. என்று வைப்பவர்கள் உண்டு. சண்டிகரில் நடந்த ஓர் ஆய்வு 27 போதும் என்றது. ஆகவே அறிக்கையில் எந்த முறை என்று பாருங்கள்.

எண் குறைவாக வந்தாலும் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம். பெரும்பாலான பரிசோதனைகள் ஃபியூமிகேட்டஸ் என்ற இனத்தைக் குறிவைத்தவை. நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஃபிளேவஸ் இனத்தை அவை தவறவிடலாம். ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவோருக்கும் ஆன்டிபாடி சரியாக உருவாகாமல் போகலாம். அப்போது சளியைப் பூஞ்சைக்காக வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐ.ஜி.இ. வேறு பரிசோதனை, ஆஸ்துமா உள்ளவர்களின் பூஞ்சை ஒவ்வாமையைக் கண்டறிய உதவுவது. பெயர் ஒத்திருப்பதால் லேப்பில் மாற்றி எடுத்துவிடாதபடி சீட்டைக் காட்டி உறுதி செய்யுங்கள்.

பூஞ்சை நோய் உறுதியானால் பெரும்பாலும் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து, குறைந்தது ஆறு மாதம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதன் வீரியத்தை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். கேப்ஸ்யூலாகத் தந்தால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அல்சர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இருமும்போது அரை டம்ளர் அளவுக்கு ரத்தம் வந்தால், லேப் முடிவுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.