புழுவெட்டால் புருவமும் இமைமுடியும் உதிர்ந்துவிட்டன. பைமாட்டோபிராஸ்ட் சொட்டு மருந்தைத் தடவிப் பார்க்கலாமா?

டாக்டர் சம்மதித்தால் தடவலாம். ஆனால் முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும். புழுவெட்டில் முடி தானாகவே திரும்ப வருவது சகஜம். இரண்டு பக்கமும் ஒன்றாக ஆரம்பித்தால் வந்த முடி மருந்தால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது. நாலு மாதம் ஒரு பக்கம் மட்டும் முடியோடு எப்படி வெளியே போவது என்று கேட்பீர்கள். சங்கடம்தான், ஆனாலும் தடவாத கண்தான் இங்கே சாட்சி.

இந்த மருந்து (0.03%) முதலில் கண் அழுத்த நோய்க்கு வந்த சொட்டு. போட்டவர்களுக்கு இமைமுடி நீண்டதால், 2008 டிசம்பரில் அமெரிக்காவில் இமைமுடிக்கென்றே அனுமதி கிடைத்தது. அது முடி மெலிந்தவர்களுக்கு. முடியின் வளர்ச்சிக் காலத்தை இது நீட்டும், அவ்வளவுதான். புழுவெட்டில் உடலே வேரைத் தாக்குவதால் பலருக்கு எடுபடுவதில்லை. புருவத்துக்கு அந்த அனுமதியும் கிடையாது.

இரவில் லென்ஸைக் கழற்றி, கண்மையை முழுக்கத் துடைத்து, முகம் கழுவி ஈரத்தை ஒற்றுங்கள். ஒரே ஒரு சொட்டைப் புதுத் தூரிகையில் விட்டு, மேல் இமையில் முடி முளைக்கும் கோட்டின் மேல் மூக்குப் பக்கமிருந்து வெளியே ஒரே இழுப்பு. வழிந்ததை உடனே டிஷ்யூவால் ஒற்றுங்கள். தினமும் வழிகிற இடத்தில் கன்னத்திலும் முடி முளைக்கலாம். கீழ் இமையில் தடவ வேண்டாம். தூரிகையை மறுநாளுக்கு வைக்காதீர்கள், கிருமி சேரும். இரண்டு சொட்டு விட்டால் சீக்கிரம் வளராது, எரிச்சல்தான் கூடும்.

வாரம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணை மூடி, பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கண்ணாடியில் பார்த்துச் சொல்வது ஆசை சொல்வது. முழுப் பலன் தெரிய 16 வாரம். நிறுத்தினால் மெல்லப் பழையபடி ஆகும்.

இமைத்தோல் கருத்தால் நிறுத்தியபின் பெரும்பாலும் தெளியும். கருவிழியின் நிறம் மாறினால் திரும்பாது. வலியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றே நிறுத்திக் கண் டாக்டரிடம் போங்கள்.

வீட்டு வைத்தியத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். ஆனால் தலைக்குத் தேய்க்கிற சின்ன வெங்காயத்தை இமையில் தேய்க்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கருவிழி புண்ணானால் யார் பொறுப்பு? கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படியே. இமையில் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் ஏறலாம்.

இன்னொன்று, புழுவெட்டு என்று டாக்டர் சொன்னாரா, நீங்களே முடிவு செய்தீர்களா? புருவத்தின் வெளிப்பக்கம் மட்டும் கொட்டினால் தைராய்டு பாருங்கள். உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்.