ஆண்களுக்கும் உணவுக் கோளாறு வருமா? ஊடகங்களில் ஏன் பெண்களையே காட்டுகிறார்கள்?

வரும். எனக்கு வந்தது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் தம்பியோ மகனோ சாப்பிட்ட கையோடு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

பள்ளியில் என் பெயர் 'பூசணி'. கல்லூரியில் ஜிம்முக்குப் போய் இளைத்தேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். உள்ளே நடந்தது வேறு. பகலெல்லாம் பட்டினி, ராத்திரி ஹாஸ்டல் எதிர்க்கடையில் வயிறு வெடிக்கப் பரோட்டா, அப்புறம் வாந்தி.

அம்மா அல்சர் என்றாள். டாக்டர், "குடிப்பீங்களா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டார். கண்டுபிடித்தது பல் டாக்டர். முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருந்தது. "அடிக்கடி வாந்தி எடுப்பீங்களா?" என்றார். அவர் அனுப்பிய மனநல மருத்துவரிடம்தான் புலிமியா என்ற பெயரையே முதலில் கேட்டேன்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் புலிமியா வந்தவர்கள் பெண்களில் 1.5%, ஆண்களில் 0.5%. ஏறக்குறைய நாலில் ஒருவர் ஆண். அனோரெக்ஸியாவுக்கு (குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் பட்டினி கிடந்து மெலிந்துபோகும் கோளாறு) மாதவிடாய் நிற்பதையும் ஓர் அடையாளமாக அமெரிக்க மனநலக் கையேடு 2013 வரை வைத்திருந்தது. ஆம்பளைக்கு எங்கே போவது?

ஊடகம் காட்டுவது கண்ணாடி முன் நிற்கும் ஒல்லிப் பெண்ணை. பிரிட்டன் துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரெஸ்காட் 2008இல் தனக்குப் புலிமியா என்றபோது, அந்தப் பருத்த உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஃபிளின்டாஃப் 2020இல் பிபிசி ஆவணப்படத்தில் தன் புலிமியாவைப் பற்றிப் பேசினார். நம் பக்கம்? ஹீரோ சிக்ஸ் பேக்குக்காகப் பட்டினி கிடந்தால் பெருமைப் பேட்டி, குண்டு ஆள் அள்ளித் தின்றால் காமெடி.

'பணக்கார வியாதி' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: என் அப்பா லாரி டிரைவர். அந்தப் பரோட்டாவும் கடன் சொல்லித் தின்றதுதான்.

சரி, உங்கள் விஷயம். அவனைத் திட்டாதீர்கள், சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. வாந்தியில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். எனக்கு அதுவும் குறைந்துதான் இருந்தது.